சின்ன போனில் பாதியில் நின்ற கை

எனக்கு ஒழுங்காக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கொம்பு வர வேண்டிய இடத்தில் கால் போட்டிருப்பேன். நடந்தவற்றிலும் முன்னது பின்னது மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு தங்கச்சி. என்னைவிட நாலு வயது இளையவள். நான் இப்போது குண்டசாலையில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவள் ஹேவாஹெட்டப் பக்கம், நாங்கள் இரண்டு பேரும் கொழுந்து பறித்த அதே தோட்டத்தில், மகளோடு இருக்கிறாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு வாதம் அடித்தது. உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. ஒரு கையும் விழுந்துவிட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

அதற்கு முன்னால் தினமும் பகலில் பட்டன் போனில் பேசுவோம். என்ன கறி, யார் செத்தது, யாருக்குக் கலியாணம், அவ்வளவுதான். பேச்சுப் போன பிறகு அந்தப் போனால் என்ன பிரயோசனம்? நான் பேசுவேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். மருமகள்தான் சொன்னாள்.

"அத்தை, சின்னம்மாவுக்கு அவங்க மக ஆண்ட்ராய்ட் போன் வாங்கிக் குடுத்திருக்காங்க. நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க. வீடியோவுல சின்னம்மாவோட மொகத்தப் பாத்துப் பேசலாம். அவங்க கையால சொல்றதயும் பாக்கலாம்."

கையால் சொல்வது எங்களுக்குப் புதிதில்லை. மலையில் கொழுந்து பறிக்கும்போது நான் ஒரு நிரையில் நிற்பேன், அவள் நாலு நிரை தள்ளி நிற்பாள். வேலையை மேற்பார்க்கும் தொப்பிக்காரக் கணக்குப்பிள்ளை இருந்தால் வாய் திறக்க முடியாது. அதனால் கையால் பேசிக்கொள்வோம். நெற்றியில் கையைத் தொப்பி மாதிரிக் குவித்தால் கணக்குப்பிள்ளை வருகிறார், வாயை மூடு என்று அர்த்தம். அதே கையை நெற்றியிலிருந்து எடுத்து நெஞ்சுக்குக் கொண்டுவந்தால் தொப்பி போய்விட்டது, என் நிரைக்கு வா என்று அர்த்தம். ஆக அவளைப் பார்த்துப் பேச ஒரு போன் வேண்டும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

கண்டி டவுனில் ஒரு போன் கடைக்கு மருமகள் கூட்டிக்கொண்டு போனாள். கடை முதலாளி அலவத்துகொடப் பக்கத்து முஸ்லிம் ஆள், தாடியெல்லாம் நரைத்தவர். கதிரை போட்டு உட்கார வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே இரண்டு போனை எடுத்து வைத்தார். ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளையின் சிலேட் மாதிரிப் பெரிசு. மற்றது அதைவிட ஒரு விரல் அளவு சின்னது.

உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு இரண்டையும் பிடிக்கவில்லை. என் பட்டன் போனை ரவிக்கைக்குள் ஒரு சின்ன பர்ஸில் வைத்திருப்பேன். யாருக்கும் தெரியாது. இதில் எதை வாங்கினாலும் பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். இந்தக் கிழவிக்கு இந்தப் போன் கேட்குதா என்று பார்க்கிறவர்கள் நினைக்க மாட்டார்களா? அந்த எண்ணத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

"பெரியது ஸ்க்ரீன் நல்லம் அம்மா, பேட்டரியும் நிக்கும். ஆனா நாலு ரேம்தான். மத்தது எட்டு ரேம் இரிக்கி. எது வேணும்னு நீங்க செல்லுங்க."

எனக்கு வலது காது மந்தம். வெளியே பஸ் ஹோர்ன் வேறு. எனக்குக் கிராம் என்று கேட்டது. பெரிய போன் நாலு கிராம், சின்னது எட்டுக் கிராம். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் கூடையைத் தராசில் மாட்டி முள்ளைப் பார்த்து நின்றவளுக்குக் கை பொய் சொல்லுமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. எப்போதும் நாலு பேருக்கு முன்னால் வாயே திறக்காதவள் அன்றைக்கென்று திறந்தேன்.

"என்னா முதலாளி, இது நாலு கிராமா? கால் கிலோவுக்குப் பக்கம் வரும். தோட்டத்துலதான் கொழுந்து நிறுக்கயில தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு வெட்டுறாங்க. டவுன்லயுமா வெட்டுறீங்க?"

கடையே சிரித்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குத் தமிழ் விளங்கவில்லை. அவளோடு வந்தவள் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். பிறகு அவளும் சிரித்தாள்.

"ஐயோ அத்தை, கிராம் இல்ல, ரேம்! சும்மா இருங்களேன்," என்றாள் மருமகள். அவள் முகம் சிவந்திருந்தது.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா கேட்டது சரிதானே. பாக்காம சாமான் எடுக்கக் கூடாது," என்று சொன்னார். அவர் அப்படி மரியாதையாகச் சொன்னது எனக்கு இன்னும் கூச்சமாகப் போய்விட்டது. நேர்மையான மனிதனைத் தராசுக் கள்ளன் என்று சொல்லிவிட்டேனே. அவர் ரேம் என்றால் என்ன என்று சொல்லித்தர வந்தார்.

"இப்ப பாருங்கம்மா. சாமான் வைக்கிற அலுமாரி வேற, வேல செய்ற மேச வேற. அலுமாரி எவ்வளவு பெரிசா இரிந்தாலும் மேச சின்னதுன்டா வேல நிண்டு நிண்டுதான் நடக்கும். ரேம் என்டது அந்த மேச."

இப்போது எழுதும்போது அது நன்றாக விளங்குகிறது. அன்றைக்குக் காதில் ஏறவில்லை. சீக்கிரம் அந்தக் கடையை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. கண்ணாடிப் பெட்டியின் கடைசி மூலையில் ஒரு குட்டிப் போன் கிடந்தது. ரவிக்கைப் பர்ஸுக்குள் போகும்.

"அதக் குடுங்க," என்றேன்.

"அம்மா, அது பழைய மொடல். ரெண்டு ரேம்தான். வீடியோவுக்குக் கஷ்டம்."

"அதுதான் வேணும்."

மருமகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பெரிசு பிடித்தால் கை வலிக்கும் என்று பொய் சொன்னேன். ஆயுள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்தவளுக்குப் போன் பிடித்துக் கை வலிக்குமாம். அவளும் கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் பகல் தங்கச்சிக்கு வீடியோ கோல் எடுத்தேன். அந்த நேரம் அவள் மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருப்பார்கள். இவள் மட்டும்தான் லயத்து வீட்டில் இருப்பாள். போனைத் தலையணையில் சாய்த்து வைத்து நல்ல கையால் எடுப்பாள். அவள் முகம் தீப்பெட்டி அளவில் வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்டேன். அவள் கையைத் தூக்கி நெற்றியில் குவித்தாள். படம் அப்படியே நின்றது.

நெற்றியில் கை. தொப்பி. யாரோ வந்துவிட்டார்கள், வாயை மூடு. அந்தக் கையைக் கண்டால் உடனே வாயை மூடுவது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். நானும் சட்டென்று கோலை வெட்டிவிட்டேன்.

மறுநாளும் அதே மாதிரி. நெற்றியில் கை, வெட்டினேன். மூன்றாம் நாளும் அப்படித்தான். அன்றைக்கு என் மனது கெட்டுப்போனது. தினம் தினம் அந்த நேரத்துக்கு யார் வரப்போகிறார்கள்? இவளுக்கு என்னோடு பேச இஷ்டமில்லை, நான் டவுனுக்கு வந்து சுகமாக இருக்கிறேன் என்று மனதில் குறை வைத்திருக்கிறாள், அதைத்தான் இப்படிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். "இனி அவளுக்கு எடுக்க மாட்டேன்," என்று மருமகளிடம் சொன்னேன். போனை நிறுத்தி அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்தேன்.

எட்டு நாள் அப்படியே போனது. எட்டாவது நாள் தங்கச்சியின் மகள் என் மருமகளின் போனுக்கு எடுத்தாள். மருமகள் போனை என்னிடம் தந்ததுமே சண்டைதான்.

"பெரியம்மாவுக்கு அப்பிடி என்னா கோவம்? அம்மா பகல் பூரா போன மடியில வச்சிக்கிட்டு இருக்கு. சோறு எறங்கல. காய்ச்சல் வேற, இப்பதான் விட்டுச்சு. மறுபடி வாதம் அடிச்சிருமோன்னு பயந்துபோய் கெடந்துச்சு. ஒங்கள வரச் சொல்லிச் சொல்லிக் காட்டுச்சே, பாக்கலியா?"

"வரச் சொன்னாளா?"

"நெத்தியில கைய வச்சு நெஞ்சுக்குக் கொண்டுவருது. கேட்டா வா, வான்னு வாயசைக்குது. எனக்கே வெளங்குது, ஒங்களுக்கு வெளங்கலியா?"

அவள் கை நெற்றியில் நிற்கவில்லை. நெஞ்சுக்கு வந்திருக்கிறது. நான் வாங்கிய போன்தான் பாதியில் நின்றிருக்கிறது. அவள் பயந்துபோய் வா, வா என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் ஒவ்வொரு நாளும் முகத்தில் அடித்த மாதிரி வெட்டியிருக்கிறேன்.

மருமகளிடம் சொல்லக்கூட முகமில்லாமல் மறுநாள் தனியாகவே பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். கடை வாசலில் இரண்டு தரம் முன்னும் பின்னும் நடந்தேன். முதலாளி கண்டுவிட்டார். தராசுக் கதையை எடுப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் எடுக்கவில்லை.

"போன் நிக்கிதா அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வாய் பேசாத தங்கச்சி, கை மட்டும்தான் பேசும் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் அந்தக் குட்டிப் போனை என் கையிலிருந்து வாங்கினார். "அப்ப நானும் நீங்களும் பேசி வேலயில்ல. அந்தக் கையதான் கேக்கணும்," என்றார். என் சிம்மைக் கழற்றி முதலில் அந்தப் பெரிய போனில் போட்டு, தங்கச்சிக்குக் கோல் எடுத்துத் தந்தார்.

முகம் பெரிதாகத் தெரிந்தது. நரைத்த புருவம்கூடத் தெரிந்தது. "நான்தான் புள்ள" என்றதும் அவள் கை நெற்றிக்குப் போனது. படம் திக்கித் திக்கி நின்றது. பிறகு பார்த்தால் கை மடியில் இருந்தது. நடுவில் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

"செக்னலும் ஒரு காரணம்தான். இந்தாங்க, இதுல பாருங்க," என்று எட்டு ரேம் போனுக்குச் சிம்மை மாற்றினார். ஒரு விரல் அளவு சின்னது. முகம் அவ்வளவு பெரிதாக இல்லை. ஆனால் கை நெற்றிக்குப் போனது, குவிந்தது, அங்கிருந்து இறங்கி நெஞ்சில் வந்து அமர்ந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தொப்பி போய்விட்டது, வா. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அதை முழுதாகப் பார்த்தேன்.

"இதுதான் முதலாளி," என்றேன். அவரும் தலையாட்டினார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாய் வரவில்லை. போனை வாங்கிக்கொண்டு கேட்காமலே வந்துவிட்டேன்.

அதைவிட வெட்கமான விசயம் இன்னொன்று இருக்கிறது. எட்டு ரேம் போனில் எடுத்த அந்தக் கோலில் நான் தங்கச்சிக்குச் சொன்ன முதல் பேச்சே பொய்.

"போன் பழுதாப் போச்சு புள்ள, அதான் எட்டு நாளா எடுக்கல."

அவள் நம்பிவிட்டாள். பரவாயில்லை என்று தலையை ஆட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை வாரிவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். போன் பழுதாகவில்லை, பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டு நான்தான் ஒன்றுக்கும் ஆகாத போனை வாங்கினேன், நீ கூப்பிட்டதைக் கோபம் என்று எண்ணினேன் என்று சொல்லியிருக்கலாம். வீடு நிறையச் சனம் இருந்தது. சொல்லவில்லை. சனம் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. எழுதினால்தான் வருகிறது.

எட்டு நாள் என்று எழுதியிருக்கிறேன், ஒன்பதாகவும் இருக்கலாம். காய்ச்சல் வந்தது நான் கோலை வெட்டிய முதல் நாளா, அதற்கு முந்தின நாளா என்றும் தெரியாது. ரேம் கணக்கைப் போன் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்துங்கள். மற்றதையெல்லாம் தங்கச்சியின் மகள்தான் பார்க்க வேண்டும். மகளே, இதை உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசி. ஒரு வரியும் விடாதே. பிழை இருந்தால் அவள் கையைக் காட்டுவாள். அவள் என்ன காட்டினாலும் அதை அப்படியே எனக்குச் சொல்லு.