சுருண்ட இலைக்குள் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்தில் ஒரு கொலையே நடந்திருக்கும். செய்திருக்கக்கூடியவள் வேறு யாருமல்ல... நான்தான்!

பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அவரைப் பந்தல். இடம் எங்களுடையது; விதை ஊன்றித் தண்ணீர் ஊற்றியதெல்லாம் பக்கத்து வீட்டு மாதம்மா அக்கா. பூவெடுக்கிற நேரம் பார்த்து, கொடியின் நுனியெல்லாம் கறுப்பாக அசுவினிப் பூச்சி மொய்த்துவிட்டது. பக்கத்துக் கத்திரிச் செடியிலும் இலைகள் சுருண்டிருந்தன.

"இல சுருண்டாலே உள்ள அசுவினிதானுங்க. கிள்ளிப் போட்டு மிதிங்க, அப்புறம் மருந்தடிச்சுக்கலாம்" என்றார் அக்கா. இங்கே எல்லோரும் செய்வது அதைத்தான். என் வீட்டுக்காரர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு ரெடி. நான் கிள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு பெரிய இலையில் கை வைத்தேன். 'கீச்' என்றது!

அசுவினி எங்கேயாவது கத்துமா?

குனிந்து பார்த்தால் – இலையின் இரண்டு ஓரத்தையும் பஞ்சால் இழுத்துத் தைத்த கூடு. உள்ளே தையல்சிட்டுக் குஞ்சுகள், வாயைப் பிளந்தபடி. வெடுக்கென்று கையை எடுத்தேன்.

இரண்டும் இலையைச் சுருட்டுகிற ஜாதிதான். ஆனால் அசுவினிக்கு ஜோடிகூட வேண்டாம். தனியாகவே குட்டி போட்டுத் தள்ளும். பிறந்த குட்டியும் உடனே சாறு உறிஞ்சக் கிளம்பிவிடும். வளர்க்கிற கவலையே இல்லை! தையல்சிட்டு பாவம். கூடு தைத்து, அடைகாத்து, அம்மாவும் அப்பாவும் மாறி மாறி ஊட்ட வேண்டும். எதை ஊட்டும்? இதே தோட்டத்துப் பூச்சிகளைத்தானே... அவற்றின் மேல் மருந்து பட்டால்?

அக்காவிடம் கூட்டைக் காட்டினேன்; மருந்து வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? பாடுபட்டவர் அக்கா ஆயிற்றே! அவர் பந்தலைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார்.

"மருந்த எறக்கி வெச்சுடுங்க தம்பி. கொழந்தைங்க இருக்கற வூட்டுல எப்பிடிங்க அடிக்கறது?"

ஹோஸில் தண்ணீரைப் பீய்ச்சித்தான் கொடியைக் கழுவினோம். பாதிப் பூ உதிர்ந்துவிட்டது. இந்த முறை காய் சொற்பம்தான்.

நேற்றுக் காலை குஞ்சுகள் பறந்துவிட்டன. காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுக் காட்டியதே அக்காதான்.

"உங்க அவரைக்காய் போச்சேக்கா" என்றேன்.

"போனா போவுது போங்க. நல்ல நேரத்துல கத்துச்சே, அதச் சொல்லுங்க!"

அந்தக் 'கீச்'சுக்கு ஒரு நன்றி. அக்காவுக்குக் கோடி நன்றி.

இப்போதெல்லாம் இலை சுருண்டிருந்தால் முதலில் காது கொடுத்துக் கேட்கிறேன் – சுருண்டு படுத்திருக்கும் வீட்டுக்காரருக்கும் அதே சலுகைதான்!