ஏரோப்ளேன் அக்காவின் ஒரு மணி நேரம்

விமான டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அவளை வாடிக்கையாளர்கள் ‘ஏரோப்ளேன் அக்கா’ என்பார்கள். பக்கத்துப் பெருநகரத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று யார் கேட்டாலும், கணினியைப் பார்க்காமலே, “ஒரு மணி நேரம். கண்ணை மூடித் திறந்தா வந்துடும்” என்று அடித்துச் சொல்வாள். சாலை வழியே போனால் பத்து மணி நேரம். அந்தச் சாலையில் பஸ் ஓட்டுகிறவர் வேறு யாருமில்லை, அவளைக் கட்டிக்கொண்ட மகராசன்தான். வீட்டில் வேறு எதற்குக் குறைவிருந்தாலும் விமானமா பஸ்ஸா என்ற சண்டைக்குக் குறைவிருந்ததில்லை.

“உன் ஒரு மணி நேரமெல்லாம் ஆகாயத்துல. வாசல்ல எப்ப வந்து சேர்ற, அதைச் சொல்லு” என்பார் அவர்.

“உங்க பஸ்ஸுல போறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுடும்!”

மகள் இருப்பது அந்த நகரத்தில்தான். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடப்பதால் மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனோ கப்பல் வேலையில், நடுக்கடலில். “பயமா இருக்கும்மா. உள்ள கொண்டுபோறப்ப நீ என் கையைப் பிடிச்சுக்கணும்” என்றாள் மகள் போனில்.

“நான் இருக்கேன்ல!”

விடிகாலையில் என் பஸ்ஸிலேயே வந்துவிடேன் என்று கணவர் கூப்பிட்டார். அவள் சிரித்தாள். அவரை வழியனுப்பிவிட்டு, மத்தியான விமானத்தில் பறந்துபோய், அவர் வரும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்று “வாங்க, வாங்க” என்று வரவேற்பது அவள் திட்டம். குறும்பு யாரை விட்டது?

விமானம் ஒரு குறையும் வைக்கவில்லை. சொன்ன நேரத்தில் இறக்கிவிட்டது. ஆனால் விமான நிலையம் ஊருக்கு வெளியே எங்கோ கிடந்தது. எப்போதும் மகள்தான் காரோடு வந்து நிற்பாள். இருவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே போவதில் அந்தச் சாலையின் நீளம் அவளுக்கு உறைத்ததே இல்லை. இன்று டாக்சியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பாலத்தின்மேல் ஒரு வண்டியும் அசையவில்லை.

“கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்!”

“பறக்கவா முடியும்?” என்றார் டாக்சிக்காரர்.

மணி மூன்றரை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீறாப்பைத் தூக்கி எறிந்துவிட்டுக் கணவரை அழைத்தாள்.

“என்னங்க, எங்க இருக்கீங்க?”

“இப்பதான் பஸ்ஸை நிறுத்தினேன். ஆஸ்பத்திரி பின்தெருதானே. நீ?”

“பாலத்துல மாட்டிக்கிட்டேன். நீங்க ஓடுங்க. அவ கையைப் பிடிச்சுக்கங்க.”

கேலி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மூச்சிரைப்புதான் கேட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். மகள் விழித்துப் படுத்திருந்தாள். சுவரோரம் சீருடையோடு நின்றார் கணவர்.

“மன்னிச்சுடும்மா. நல்லவேளை, அப்பாவாவது உன் கையைப் பிடிச்சுக்கிட்டாரே.”

“அட நீ வேற! அவர் கைதான் உதறிச்சு. நான்தான் பிடிச்சு, ‘ஒண்ணும் ஆகாதுப்பா’ன்னு சொல்லிட்டு உள்ள போனேன். என் பயம் எங்க போச்சுன்னே தெரியல.”

அவள் திரும்பிக் கணவரின் கையைப் பிடித்தாள். அது இன்னும் உதறிக்கொண்டிருந்தது.