மாணிக்கம் அண்ணன் செய்த முள்ளுப் பெட்டி

மாணிக்கம் அண்ணன் காலமான செய்தி கோயில் ஒலிபெருக்கியில்தான் வந்தது. நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சொன்ன குரல் கோயில் தலைவருடையது. "நம்ம அன்புக்குரிய மாணிக்கம் அண்ணன்" என்று அவர் வாயால் கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வாய்க்கு அந்தப் பெயரைச் சொல்ல உரிமை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பேராதனைக் கம்பஸில் ஆய்வுகூடக் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அம்பிட்டியவில் எங்களுக்குப் பக்கத்து வீடு. கோபக்காரர். அண்ணி காலமான பிறகு அந்தக் கோபம் நெஞ்சுவலியாக மாறியது. மனதை அமைதியாக வைக்கச் சொன்னார் டொக்டர். "நான் அமைதியா இருக்கேனா இல்லையான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு வந்து, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அந்த முள்ளுப் பெட்டியைச் செய்தார்.

சின்ன பேட்டரி ஒன்று, பழைய டேப் ரெக்கார்டரில் கழற்றிய முள்ளு மீட்டர், ஈயம் வைத்து ஒட்டிய நாலைந்து துண்டுகள். இரண்டு விரல்களில் வெள்ளித்தாளைச் சுற்றிச் சீலைத் துண்டால் கட்டுவார். தோல் ஈரமானால் கரண்ட் கொஞ்சம் கூடுதலாக ஓடும், முள் ஏறும். மூச்சை இழுத்து விட்டு அடங்கினால் மெல்ல இறங்கும். சுவர்க் கரண்டை மட்டும் அதன் கிட்டவே விடமாட்டார்.

என் பேத்தி கவிதா பார்த்துவிட்டு, "தாத்தா, பொய் சொன்னா இது காட்டிக் குடுக்குமா?" என்றாள்.

"வேர்வையத்தான் காட்டும் புள்ள. பயந்தாலும் வேர்க்கும், வெக்கப்பட்டாலும் வேர்க்கும். ஒங்க பாட்டியப் பாத்தா எனக்கே வேர்க்குது."

கவிதா கோயிலில் பூ கட்டுகிறவள். ஒரு நாள் அம்மன் மூக்குத்தியைக் காணவில்லை; சந்தேகம் அவள் மேல் விழுந்தது. எங்கள் வழக்கப்படி, சந்தேகத்துக்கு ஆளானவர் அம்மன் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும். கவிதா அதற்குத் தயாராகத்தான் போனாள். தலைவர் விடவில்லை. "கை வெந்தா பொலிஸ் வரும். அதான் மெசின் இருக்கே" என்றார். அண்ணன் இல்லாத நேரம் பார்த்து அவர் மகனிடம் பெட்டியை வாங்கி வந்திருந்தார். அதைச் சாமி படியில் வைத்து, விபூதி பூசி, பூச் சாத்தி, சூடம் காட்டினார்கள். சனம் அதைக் கும்பிட்டது.

கவிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வேர்க்கும், எழுதும்போது பேனை வழுக்கும். கட்டியதும் முள் ஓடிப்போய்க் கடைசியில் முட்டி நின்றது.

அண்ணன் கேள்விப்பட்டு மூச்சு வாங்க மேடேறி வந்தார். கவிதாவின் கையிலிருந்து கழற்றித் தன் விரல்களில் கட்டிக்கொண்டார்.

"இப்ப என்னையக் கேளுங்க."

"மூக்குத்திய எடுத்தீங்களா?" என்றார் தலைவர்.

"எடுக்கல."

முள் அதே இடத்தில் முட்டியது.

"அப்ப நானும் கள்ளனா?"

தலைவர் சிரித்தார். "அண்ணனுக்கு வயசு, அதான் நடுங்குது."

கவிதாவுக்குப் பேசியிருந்த சம்பந்தம் அந்தக் கிழமைக்குள்ளேயே நின்றது. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. அன்று கும்பிட்ட ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெட்டியையும் அவர்கள் திருப்பித் தரவில்லை. அண்ணன் போய்ப் போய்க் கேட்டார். சாமி சொத்தாம். இன்னொன்று செய்துகொள்ளலாமே என்றேன்.

"செஞ்சா அதையும் தூக்கிட்டுப் போவாங்க தங்கச்சி."

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியதும் அதைப் பற்றித்தான். "அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல தங்கச்சி. அதப் போயிச் சனம் கும்பிடுது, அதான் எனக்குப் பயமா இருக்கு."

நேற்று அவரைக் கிடத்தி, இரண்டு கட்டைவிரல்களையும் வெள்ளைச் சீலைத் துண்டால் சேர்த்துக் கட்டினார்கள். அவர் வெள்ளித்தாளுக்குப் போடுகிற அதே முடிச்சு. தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, குளிர்ந்திருந்தன. எனக்குப் பின்னால் தலைவர் யாரிடமோ மெதுவாகச் சொன்னார்: "குத்துவிளக்கு காணாமப் போச்சில்ல, வெள்ளிக்கிழம அந்தக் கோயில் கூட்டுற புள்ளைய ஒக்கார வைப்போம். பேட்டரி புதுசாப் போட்டாச்சு."

நான் திரும்பினேன். "மொதல்ல எனக்குக் கட்டுங்க."

"ஒங்களுக்கு எதுக்கு அக்கா?" என்றார் தலைவர்.

"கட்டுங்க. நான் வருவேன்."

அண்ணே, நீங்கள் நெஞ்சு அடங்கிப் போய் வாருங்கள். வெள்ளிக்கிழமை வர இன்னும் நாள் இருக்கிறது. இதை எழுதும்போதே என் உள்ளங்கை வேர்த்து எழுத்து கலைகிறது. நான் எதையும் எடுத்ததில்லை.