ஓசூர் ரோடு ஏரிக்கரையும் ஒரு புங்கமரமும்

ஐப்பசி மழை ஒரு வாரம் கொட்டித் தீர்த்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை. பிரேசர் டவுன் வீட்டில் சத்தம் போடச் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான் இருந்தது. என் மனைவி சகுந்தலா போய் இரண்டு வருஷமாகிறது. நான் ஓவர்சியராக இருந்தபோது இருவருமாக முகாம் போட்டிருந்த ஏரியைப் பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்பினேன்.

காலை ஆறரைக்கு ஜட்கா வண்டி. வண்டிக்காரன் போகவர இரண்டு ரூபாய் கேட்டான், கொடுத்தேன். நீங்கள் ஒன்றரைக்கு மேல் கொடுக்காதீர்கள்; எனக்குப் பேரம் பேச வராது. அடுகோடி தாண்டி ஒன்பதாம் மைல்கல்லில் இறங்கி, கிழக்கே அரை மைல் நடை. ஒன்பது மணிக்குக் கரைமேல் நின்றேன்.

வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட பழைய மண்கரை. கால் மைல் நீளம், இருபதடி உயரம். கீழே நாற்பது வீடுகள். சகுந்தலா நட்ட புங்கங்கன்று கரைமேல் பெரிய மரமாகியிருந்தது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று அவள் சொல்ல, அன்றைக்கு நானும் தலையாட்டினேன். கரையில் மரம் கூடாதென்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த ஆசாமி நான்!

மதகைத் திறந்து மூடும் நீர்கண்டி முனியப்பா அடையாளம் கண்டுகொண்டு, நேரே வீடுகள் பக்கமிருந்த பின்சரிவுக்கு அழைத்துப் போனார். மரத்துக்கு நேர் கீழே விரல் தடிமனில் தண்ணீர் கசிந்தது. தெளிந்த நீரென்றால் அத்தனை பயமில்லை. சொம்பில் பிடித்து வைத்து, வெற்றிலை போடும் நேரம் காத்திருந்தோம். அடியில் வண்டல். மண்ணை அறுத்துக்கொண்டு வருகிறது.

நாலு நாளாகக் கசிகிறதாம். கரையில் முளைக்கும் மற்றக் கன்றுகளை வருஷா வருஷம் பிடுங்கிப் போடுகிறவர் இதை மட்டும் ஏன் விட்டாரென்று கோபமாகவே கேட்டேன்.

"அம்மா கையால வெச்ச மரம் ஸ்வாமி. நீங்க ஒரு நாள் வருவீங்கன்னு விட்டுட்டேன்."

கீழே வீடுகளில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"இப்பவே மதகைத் திற, முனியப்பா. தண்ணி இறங்கினதும் மரத்தை வெட்டிடு. வேரு ஒண்ணுகூட உள்ளே இருக்கக் கூடாது."

விட்டுப்போன வேர் உளுத்தால் அதுவே தண்ணீருக்கு வழியாகிவிடும். ஊர்த்தலைவர் படேலுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி போனேன். மரத்தை வேரோடு எடுத்த குழியில் களிமண் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். பின்சரிவு காய்ந்திருந்தது. முனியப்பா ஒரு கிளையை எடுத்து வைத்திருந்தார், வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார். ஜட்காவில் இடமில்லை என்று பொய் சொன்னேன்.

போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் காபி கிளப் கிடையாது. பின்சரிவையும் ஒரு நடை பாருங்கள். கலங்கிய தண்ணீர் கண்டால் நீர்கண்டியிடம் சொல்லுங்கள். குடை கட்டாயம் வேண்டும். கரைமேல் இப்போது நிழல் இல்லை.