வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு

எண்பதுகளின் மத்தியில் ஒரு ஜூன் மாதம். பம்பாய் மாட்டுங்காவில், ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் நானும் என் ஐந்து வயது மகளும் குடியிருந்தோம். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. கட்டிடத்தை ரிப்பேர் செய்ய வேண்டும், காலி செய்துகொடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். செம்பூரில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் கிடைத்தது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீடுகளில் யாரும் வீடு மாறமாட்டார்கள். அதற்குள் போயாக வேண்டும். மழை வேறு பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் எல்லோரும் முள்ளைப் பார்ப்பார்கள், நான் அவர் விரலைப் பார்ப்பேன். பால்காரர் கொஞ்சம் சிரித்தால்கூட இன்றைக்குத் தண்ணீர் அதிகமோ என்று தோன்றும். கணவர் வெளிநாடு போன பிறகு இது முற்றிப்போனது. ஒரு பெண்ணும் குழந்தையும் தனியாக இருக்கிறார்கள் என்று வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு எந்நேரமும் இருந்த பயம். அதனால் அவருடைய பழைய தோல் செருப்பை வாசலுக்கு வெளியே விட்டு வைத்திருந்தேன். தினமும் ஆபீசுக்குப் புறப்படும்போது அதைக் கொஞ்சம் நகர்த்தி, கோணலாக வைப்பேன், அப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனது போல. கூரியருக்கும் கேஸ்காரருக்கும் அது போதும்.

ஆனால் வீடு மாற்றிக் கொடுக்க வருகிறவர்களை எந்தச் செருப்பை வைத்து ஏமாற்றுவது? அவர்கள் உள்ளே வருவார்கள். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது, பீரோவை எங்கே வைக்கிறோம், வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் பார்ப்பார்கள். போதாததற்குப் புது வீட்டையும் அவர்களுக்கு நாமே காட்டிக் கொடுக்கிறோம். இதை நினைத்து நினைத்தே எனக்குத் தூக்கம் போயிற்று.

ஃபோர்ட்டில் ஓர் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு தாளை டைப் செய்தேன். லாரி சொந்தமா, வாடகையா? தூக்குகிற ஆட்கள் நிரந்தரமா, அன்றன்றைக்குப் பிடித்து வருகிறவர்களா? உடைந்தால் யார் பொறுப்பு? மழைக்குத் தார்ப்பாய் உண்டா? கடைசிக் கேள்வியில் எனக்கு ரொம்பப் பெருமை. சமீபத்தில் நீங்கள் மாற்றிக் கொடுத்த இரண்டு வீடுகளின் முகவரி தரவும். நேரில் போய் விசாரித்துவிடலாம் அல்லவா? கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்தேன், நான் விசாரிக்க நினைத்திருந்த மூன்று பேருக்கு ஆளுக்கு ஒன்று.

முதல் ஆள் ஆண்டாப் ஹில்லில் லாரி வைத்திருந்தவர். பன்னிரண்டு கேள்விக்கும் "ஹோ ஜாயேகா", ஆகிவிடும், என்ற ஒரே பதில். என்ன சாமான், எந்த மாடி என்றுகூட அவர் கேட்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது ஆளைச் சொன்னது ஆபீசில் கூட வேலை பார்த்த ஒரு அம்மாள். அந்த ஆள் தாராவியில் மரப்பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாக ஒரு டெம்போ உண்டு, வீடும் மாற்றிக் கொடுப்பார். அச்சடித்த லெட்டர்பேட் இல்லை, போன் இல்லை. பக்கத்து டீக்கடையில் சொல்லி வைத்தால் வருவார். இதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லும் வரை வாசலிலேயே நின்றார். நின்ற இடத்தில் குனிந்து அந்தச் செருப்பைப் பார்த்தார். நான் அதைக் கவனித்துவிட்டேன். உள்ளே வந்தும் அவர் சாமான்களை அதிகம் பார்க்கவில்லை. படிக்கட்டு திரும்பும் இடத்தைச் சாணால் அளந்தார். புது வீட்டில் லிஃப்ட் உண்டா, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். பீரோவை நீங்களே பூட்டி சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதாத ஆளை எப்படி நம்புவது? கடைசியாக முகவரி கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"அது மட்டும் கேக்காதீயம்மா. சாமானை எறக்கி வச்சுட்டு வெளிய வந்துட்டேன்னா அந்த வீடு எனக்குத் தெரியாது."

தெரியாதாம். நேற்றுப் போய் வந்த வீடு இன்றைக்கு எப்படித் தெரியாமல் போகும்? எங்கேயோ ஏதோ வம்பு செய்துவிட்டு வந்திருக்கிறார், போய்க் கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் படி இறங்கியதும் அவர் தாளில் சிவப்புப் பென்சிலால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

மூன்றாவது, தாதரில் ஒரு கம்பெனி. கண்ணாடிக் கதவு, மேஜையில் போன், சுவரில் அவர்கள் பெயர் போட்ட காலண்டர். வீட்டுக்கு வந்த மேனேஜர் டை கட்டியிருந்தார், நல்ல தமிழ் பேசினார். ஒவ்வொரு அறையாகப் போய் ஃபிரிட்ஜ், டி.வி., டூ-இன்-ஒன் ரேடியோ, பீரோ என்று எல்லாவற்றையும் தன் ஃபாரத்தில் குறித்துக்கொண்டார். என் தாளையும் அழகான கையெழுத்தில் நிரப்பினார். புது வீட்டு முகவரியையும் மாடி நம்பரோடு கேட்டு எழுதினார். சார் எங்கே இருக்கிறார் என்று நடுவில் கேட்டார். டூர் என்றேன். பரண்மேல் இருந்த மஸ்கட் அட்டைப்பெட்டியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிக் கேள்விக்கு இரண்டென்ன, ஐந்து முகவரி தந்தார். ஒவ்வொன்றுக்கும் விவரம் வேறு.

"செம்பூர்ல ஒரு பார்ட்டி மேடம். ஹஸ்பெண்ட் கப்பல்ல இருக்கார், லேடி தனியாத்தான் இருக்காங்க. பெரிய ஃபிரிட்ஜ், கண்ணாடி ஷோகேஸ், ரெண்டு பீரோ. ஒரு கீறல் இல்லாம கொண்டு போய் வச்சோம். நீங்களே போய்க் கேளுங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் என் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு திருப்தி. தராசு விரலைப் பார்க்கிற எனக்கு, அவர் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் பிடித்து செம்பூர் போனேன். இரண்டாவது மாடி. வாசலுக்கு வெளியே பெரிய கறுப்பு ஷூ ஒரு ஜோடி இருந்தது. மேலே பாலிஷ் பளபளத்தது, உள்ளே மட்டும் மெல்லிசாகத் தூசி. மணியை அடித்தேன். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. பாதி முகம் தெரிந்தது. என் வயதுதான் இருக்கும், தமிழ்ப் பெண்தான். என் மனதில் இருந்த கேள்விகளை எல்லாம் சிநேகிதமாக, சிரித்த முகத்தோடு கேட்கத் தொடங்கினேன். நீங்கள் போன மாதம்தானே இங்கே வந்தீர்கள், கணவர் கப்பலில்தானே, ஃபிரிட்ஜும் ஷோகேஸும் பத்திரமாக வந்து சேர்ந்தனவா, ரெண்டு பீரோவுக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

அந்த முகத்தில் ரத்தம் வற்றிப் போனதை நான் பார்த்தேன். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டது. என்ன மரியாதை தெரியாத பெண் என்று நான் அப்போதும் நினைத்தேன். அதற்குள் அவர் பால்கனிப் பக்கம் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வாட்ச்மேன் ஓடி வந்தார். பின்னாலேயே அந்தக் குடியிருப்பு சொசைட்டியின் செக்ரட்டரி, ஒரு மராட்டிக்காரர், வந்து சேர்ந்தார். குரலை உயர்த்தாமல், கீழே வாருங்கள் என்று ஹிந்தியில் சொல்லி, வாட்ச்மேனின் ஸ்டூலில் என்னை உட்காரவைத்தார். பையைத் திறக்கச் சொன்னார். அதில் அந்தத் தாள் இருந்தது. செம்பூர் முகவரி, கணவர் கப்பல், லேடி தனியாக, ஃபிரிட்ஜ், ஷோகேஸ், இரண்டு பீரோ. எல்லாம் என் கையெழுத்தில்.

அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அப்போதே போலீசுக்குப் போன் செய்திருப்பேன். அவர் என் ஆபீசுக்குப் போன் செய்தார். நல்லவேளையாகத் தலைமைக் குமாஸ்தா இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அவர் எனக்காகச் சொல்லி, செக்ரட்டரிக்கு நம்பிக்கை வர ஒரு மணி நேரம் ஆயிற்று. போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஷூ ஞாபகம் வந்தது. கணவர் கப்பலில் என்றால் அது யாருடைய ஷூ? உள்ளே ஏன் தூசி? அடக் கடவுளே என்று ஆகிவிட்டது. மாட்டுங்காவில் நான் செய்வதையேதான் அந்தப் பெண்ணும் செய்துகொண்டிருந்தார். நீ தனியாக இருப்பது எனக்குத் தெரியும் என்று நான் அவர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். என் வாசலில் ஒருத்தி வந்து அப்படிச் சொல்லியிருந்தால் நான் அன்றிரவு கண்ணை மூடியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கீழே இறங்கி வந்தார். கேள்வித் தாள், கம்பெனி, மேனேஜர் என்று நான் பாதி அழுகையோடு சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சரி, என் வீட்டைப் பத்தி உங்ககிட்ட சொல்லிட்டான். உங்க வீட்டைப் பத்தி யார் யார்கிட்ட சொல்லிட்டிருக்கானோ?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் திரும்பிப் படியேறிவிட்டார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் தாதருக்குப் போனேன். என் வீட்டுச் சாமானும் புது முகவரியும் குறித்த ஃபாரம் திருப்பி வேண்டும் என்றேன். அதெல்லாம் ஆபீஸ் ரெக்கார்டு மேடம் என்று மேனேஜர் சிரித்தார். நான் கண்ணாடிக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம் நடந்ததைச் சத்தமாகவே சொன்னேன். மூன்றாமவர் வருவதற்குள் ஃபைலில் இருந்து உருவிக் கொடுத்துவிட்டார். தாளை வாங்கலாம், அவர் மண்டையில் ஏறியதை எப்படி வாங்குவது? அந்தப் பயம் எனக்குப் பல மாதங்கள் இருந்தது. செம்பூருக்குக் குடிபோன பிறகும் மணி அடித்தபோதெல்லாம் சங்கிலியை மாட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

அங்கிருந்து நேரே கொட்டும் மழையில் தாராவிக்குப் போனேன். பாய் பட்டறையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கழித்து ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. சொல்லிவிட வேண்டும் போல இருந்தது, நானாகவே செம்பூர் கதையைச் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, என்றைக்கு வரட்டும் என்று மட்டும் கேட்டார்.

வீடு மாறிய அன்றும் மழை. நாலு ஆட்களோடு வந்து, டெம்போவைத் தார்ப்பாயால் மூடிக் கட்டி, எங்களுக்கு முன்னால் போய்விட்டார். நானும் மகளும் பால் பொங்கப் பாத்திரமும் சாமி படமும் மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் போனோம். இறங்கும்போதுதான் சுரீர் என்றது. செருப்பு. பதற்றத்தில் அதை மாட்டுங்கா வாசலிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

மாடி ஏறினேன். ஒரு சாமான்கூட இன்னும் மேலே வரவில்லை. பூட்டிய புது வீட்டு வாசலில் அந்தச் செருப்பு இருந்தது. ஒன்று நேராக, மற்றொன்று கொஞ்சம் கோணலாக, நான் வைக்கிற அதே மாதிரி. பாய் சற்றுத் தள்ளி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். இந்த மனிதர் தாளில்தான் பெருக்கல் குறி போட்டிருந்தேன்.

சாயங்காலம் கடைசிப் பெட்டியும் இறங்கி, டீ குடித்துவிட்டு அவர் கிளம்பும்போது எனக்கு மனசு தாங்கவில்லை. பாய், யாராவது விசாரிக்கக் கேட்டால் என் அட்ரஸைக் கொடுங்கள், உங்களைப் பற்றி நான் சொல்கிறேன் என்றேன்.

"எந்த அட்ரஸ்மா?" என்று கேட்டுவிட்டு அவர் படி இறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு அந்தப் பெண்ணின் கட்டிடத்தைத் தாண்டித்தான் தினமும் என் பஸ் போயிற்று. மார்க்கெட்டில் ஒரு தடவை அவரைப் பார்த்தேன். கிட்டே போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் கால் நகர்ந்தது. மறுபடி என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துவிடுவாரோ என்று கொத்தமல்லி வாங்குவது போல் திரும்பி நின்றுவிட்டேன். வருஷங்கள் ஓடிவிட்டன. கணவர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பி, அந்தச் செருப்பைத் தூக்கி எறிந்தும் ஆயிற்று. இன்றும் யாராவது என்னிடம் இன்னொருவர் வீட்டு விஷயம் சொல்ல ஆரம்பித்தால், பாதி திறந்த கதவும் அந்தப் பாதி முகமும்தான் என் கண்ணில் நிற்கின்றன.

அந்தப் பெண்ணும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவராக இருக்கலாம். அம்மா, அன்று உங்கள் வாசலில் வந்து நின்றவள் திருடி இல்லை. ஆனாலும் நீங்கள் கதவைச் சாத்தியது சரிதான்.