நீல ஃபிளாஸ்க் யார் வீட்டுடையது?

அந்த நீல ஃபிளாஸ்க் யார் வீட்டுடையது? இத்தனை வருடங்களாகியும் எனக்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்தால் இன்றைக்கும் பழைய ரப்பர் வாசனை லேசாக வருகிறது.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்ற ஒரு மழைக்காலத்தில், தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் தம்பியின் கடைசி மருந்துக் குப்பி அம்மாவின் கையிலிருந்து நழுவி உடைந்தது. பக்கத்து மருந்துக் கடைகள் மூடியிருந்தன, பஸ்ஸும் ஓடவில்லை. தொலைபேசி மட்டும் வேலை செய்தது. தி.நகர் அத்தை எப்படியோ ஒரு குப்பி வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, ஐஸ் போட்ட தன் சிவப்பு ஃபிளாஸ்க்கில் வைத்து, மயிலாப்பூர் வரை போகும் பால் வேனில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்கப்புறம் அது எப்படி வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. தம்பி சுருண்டு படுத்தபடி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இருட்டுவதற்குள் ஒரு 'மீன்பாடி வண்டி', சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தது. வண்டிக்காரர் ஃபிளாஸ்க்கை அப்பாவிடம் நீட்டி, "இன்னா நைனா, இந்த மழைல காபி கேக்குதா?" என்றார். மருந்து என்று அப்பா சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. "மயிலாப்பூர் குளத்தாண்ட பூக்கடைல அட்ரஸ் சொல்லிக் குடுத்தாங்க. அவ்ளோதான் தெரியும்."

ஃபிளாஸ்க் நீலமாக இருந்தது. அத்தை சொன்னது சிவப்பாயிற்றே என்று அம்மாவுக்கு அந்த மருந்தை ஊசி போடவே பயம். அப்பா அத்தையிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தார்: மருந்தின் பெயர், கைக்குட்டை ஓரத்து மஞ்சள் நூல், எல்லாம் அதேதான். ஐஸ் மட்டும் புதிது. அது மருந்தில் படாதபடி குப்பியைத் தனிப் பையில் கட்டியிருந்தார்கள். அத்தையின் ஃபிளாஸ்க் வழியில் உடைந்திருக்க வேண்டும். முகம் தெரியாத யாரோ, முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காகத் தன் வீட்டு ஃபிளாஸ்க்கை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மழை விட்டதும் அப்பா பூக்கடையில் விசாரித்தார். யாரோ ஒரு அம்மா வைத்துவிட்டுப் போனார் என்றார்கள்.

தம்பி இப்போது பெருங்குடியில் வேலைக்குப் போகிறான். நான் ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன்; என் மகளுக்கு என்ன வேண்டுமென்றாலும் போனில் ஆர்டர் செய்கிறேன். வரைபடத்தில் ஒரு புள்ளி எங்கள் வீட்டை நோக்கி நகர்ந்து வருவது எனக்கு இன்னும் வியப்புத்தான். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் அந்தப் புள்ளி நின்றுவிடுகிறது. அப்போதெல்லாம் எதிர்வீட்டுக் கதவைப் பார்க்கிறேன். மூன்று வருடமாக எதிரெதிரே இருக்கிறோம், அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கியே நாள் போகிறது. ஒரு காரணமும் இல்லாமல் அந்தக் கதவைத் தட்டினால், முதலில் என்ன சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.