சாந்தியின் பதவி உயர்வும் என் மொட்டைக் கடிதமும்

இருக்கன்குடி மாரியம்மாவை நம்பியிருக்கும் உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சாத்தூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். போன வருஷம் சித்திரையில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. எனக்கு ஏழு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்த சாந்தியின் பெயர் இருந்தது. அவள் மாமா கட்சிக்காரர். சிபாரிசுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். துறைத் தேர்வில் ஒரு தாளில் நான் இரண்டு முறை தோற்றதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

பட்டாசு ஆலைகளைப் பார்வையிட அவள் ஜீப்பில் ஏறிப் போவாள். ஜன்னல் வழியே பார்ப்பேன். வயிறு எரியும். மத்தியானச் சோறு இறங்காது. அவள் கட்டிவரும் புதுச் சேலைகூட என்னைக் குத்தியது. ஆடி வெள்ளியன்று, மாவிளக்கு ஏந்திய கையோடு, அவளுக்கு அந்தப் பதவி நிலைக்கக் கூடாது என்று அம்மனிடம் கேட்டேன். மறுவாரமே, கட்சிக்காரர் பரிந்துரையால் வந்த பதவி அது என்று மேலதிகாரிக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் டைப் அடித்து அனுப்பினேன்.

விசாரணை வந்தது. அவளுடைய தேர்வுச் சான்றுகளையும், எங்கள் எல்லோருக்கும் பொதுவான பதவி உயர்வுக் கோப்பையும் கொண்டுவரச் சொன்னார்கள். அவையெல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தன. பிரித்துப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் முதல் முறையிலேயே தேறியிருந்தாள். கோப்பில் சிபாரிசுக் கடிதம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எனக்காக என் வீட்டுக்காரர் ஒரு கவுன்சிலரிடம் வாங்கிக் கொடுத்தது.

ஒரு சான்றை உருவிவிட்டால் போதும், அவள் பதவி தொங்கலில் நிற்கும். என் கை அதன் மேலேயே இருந்தது. "தாயே, இந்தப் பொறாமைய நீயே எடுத்துக்கோ, என்னால முடியல" என்று அழுதேன். பிறகு எழுந்து, ஒரு தாள் குறையாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தெம்பு என்னுடையது அல்ல.

அன்று சாயங்காலமே சாந்தியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்க்கா" என்றாள். "விளக்கம் கேட்டு எனக்கும் அந்தக் கடிதத்தோட நகல் வந்துச்சு. பரிந்துரைக்கு எப்பவும் நீங்கதான் பெரிய 'ற' போடுவீக."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்க வேலைக்குல்லக்கா ஆபத்து?"

மறுநாள் தன் தேர்வுப் புத்தகங்களை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தாளில் இந்த வருஷம் தேறிவிட்டேன். பட்டியலில் என் பெயர் இன்னும் வரவில்லை. அவளைப் பார்க்கும்போது சில நாள் மனம் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் சோறு இறங்குகிறது.

உங்களுக்கும் யாரையாவது கண்டால் இப்படி எரிகிறதா? மறைக்காமல் அப்படியே அம்மாவிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். நான் கெட்டதைத்தான் கேட்டேன். அம்மா தரவில்லை. எனக்கு அவள் செய்த பெரிய நன்மை அதுதான்.